புராணப் படம் வேண்டாம் என்பவருக்குச் சில ஆன்மீகப் படங்கள்

கேள்வி இதுதான்: ஆன்மீகம் தொட்ட நல்ல படங்களும் ஆவணப்படங்களும் வேண்டும். சாமி நேரில் தோன்றி வரம் கொடுக்கும் படங்கள் பார்த்துச் சலித்துவிட்டது. அதற்காக ஒரு குருவோ அமைப்போ கடை விரிக்கும் படமும் வேண்டாம். எந்த மதமானாலும் சரி. எதில் தொடங்கலாம்?

பட்டியலுக்குப் போகும் முன் ஒரு விஷயம். பக்தி, சந்தேகம், ஞானம் எதையும் கேமராவால் நேராகப் பிடிக்க முடியாது. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் சுழல்வதும், புல்லாங்குழல் உருகுவதும் அந்த இயலாமையை மூடி மறைக்கும் வேலைதான். விவரம் தெரிந்த இயக்குநர் அந்தப் பக்கமே போகமாட்டார். அந்த மனிதர் கையால் என்ன வேலை செய்கிறார் என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். இந்த வகைப் படங்களை இருபது வருடமாகத் தேடித் தேடிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: படம் முழுக்கக் கை கூப்பியபடியே இருக்கும் பாத்திரத்தை நான் நம்புவதில்லை.

முதல் படமாக மஜித் மஜிதியின் 'தி கலர் ஆஃப் பாரடைஸ்' (1999) பாருங்கள். ஈரானியப் படம். பாரசீகத் தலைப்பின் நேர்ப்பொருள் 'கடவுளின் நிறம்'. முகமது பார்வையற்ற பையன், விடுதிப் பள்ளியில் படிக்கிறான். விடுமுறை விட்டாயிற்று, மற்றப் பிள்ளைகளை எல்லாம் வீட்டார் வந்து கூட்டிப் போய்விட்டார்கள். இவன் மட்டும் அப்பாவுக்காகக் காத்திருக்கிறான். பக்கத்தில் சருகுக்குள் ஏதோ கீச்சிடுகிறது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு. பூனை நெருங்கும் சத்தமும் அவன் காதில் விழுகிறது, விரட்டுகிறான். அப்புறம் மண்டியிட்டுச் சருகைத் துழாவிக் குஞ்சைக் கண்டெடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கிளை கிளையாகத் தடவி மரத்தில் ஏறி, கூட்டைத் தேடிப் பிடித்து உள்ளே விடுகிறான். வசனமே கிடையாது. படத்தின் ஆரம்பத்திலேயே இது வந்துவிடுகிறது. கடவுளைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் விரல் நுனியால் தொட்டு உணரலாம் என்று வாத்தியார் சொன்னதாகப் பின்னால் அவன் அழுதபடி ஒரு தச்சரிடம் சொல்வான். கேட்டுக்கொண்டிருக்கும் தச்சருக்கும் பார்வை கிடையாது. கோதுமைக் கதிரையும் ஆற்றுக் கூழாங்கல்லையும் பிரெய்ல் எழுத்துப்போல அவன் ஏன் படித்துக்கொண்டே இருந்தான் என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கும். இரண்டாம் முறை பார்த்தால் பையனை விட்டுவிட்டு அப்பாவைக் கவனியுங்கள். இந்தப் பிள்ளையை எங்கே தள்ளிவிடலாம் என்று அலையும் அந்த மனிதனை வெறுக்கவும் முடியாது. ஒன்றரை மணி நேரப் படம், வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம்.

அடுத்தது இதற்கு நேரெதிர், பொறுமையைக் கேட்கும் படம். பிலிப் குரோனிங் என்ற ஜெர்மானியரின் 'இன்டு கிரேட் சைலன்ஸ்' (2005), ஆவணப்படம். பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலையில் கிராண்ட் ஷார்ட்ரூஸ் என்று ஒரு மடம். கார்த்தூசியத் துறவிகள் அங்கே பெரும்பாலான நேரம் பேசாமல் வாழ்கிறார்கள். படம் எடுக்க அனுமதி கேட்டு குரோனிங் 1984இல் எழுதினார். இப்போது வேண்டாம் என்றார்கள். பதினாறு வருடம் கழித்து, இன்னும் ஆர்வம் இருக்கிறதா, வரலாம் என்று பதில் வந்தது! தனியாளாகப் போய், செயற்கை விளக்கு வைக்காமல், வர்ணனை இல்லாமல், கிட்டத்தட்ட ஆறு மாதம் அவர்களோடு இருந்து எடுத்தார். படம் இரண்டேமுக்கால் மணி நேரம்.

என்ன நடக்கும்? ஒருவர் அங்கி தைக்கத் துணி வெட்டுவார். ஒருவர் மற்றவர்களுக்கு மொட்டை போடுவார். ஒருவர் பனிக்குள் மண்வெட்டியோடு நிற்பார், ஒருவர் பூனைகளைக் கூப்பிட்டுச் சோறு போடுவார். நடுநடுவே ஒவ்வொரு துறவியும் கேமராவைப் பார்த்தபடி சில நொடி சும்மா இருப்பார். முதல் தடவை பார்த்தபோது நாற்பதாவது நிமிடத்தில் நான் தூங்கிவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை விளக்கையும் ஃபோனையும் அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் போனதும் கத்தரிக்கோல் துணியில் ஓடும் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்டது. வெளியே தெருவில் போன வண்டிச் சத்தமும் படத்தில் வருவதுபோலவே இருந்தது. காது அப்படிப் பழகிவிடுகிறது. கடைசிப் பகுதியில் பார்வையற்ற முதிய துறவி ஒருவர் மட்டும் பேசுவார். அதுவரை கேட்ட மௌனத்தால் அந்தச் சில வாக்கியங்களுக்கு எடை கூடிவிடும். அவர்கள் ஏன் துறவு பூண்டார்கள், குடும்பம் எங்கே, மடத்துக்குப் பணம் எப்படி வருகிறது என்று எதையும் படம் விளக்காது. தகவல் தேடிப் பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

ரஷ்ய இயக்குநர் தர்க்கோவ்ஸ்கியின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பலர் 'ஸ்டாக்கர்' (1979) படத்தில் தொடங்கச் சொல்வார்கள். நான் 'அந்த்ரேய் ரூப்ளெவ்' (1966) என்பேன், அதிலும் முழுப் படத்துக்கு நேரமில்லையென்றால் கடைசிப் பகுதியை மட்டுமாவது. ரூப்ளெவ் பதினைந்தாம் நூற்றாண்டு ரஷ்யத் துறவி, தேவாலய ஓவியர். ஊர் சூறையாடப்படும்போது ஒருத்தியைக் காப்பாற்ற ஒருவனைக் கொன்றுவிட்டு, பேச்சையும் தூரிகையையும் விட்டுவிடுகிறார். வருடங்கள் ஓடுகின்றன. இளவரசருக்குப் பெரிய வெண்கல மணி ஒன்று வார்க்க வேண்டும். வார்க்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் கொள்ளைநோயில் போய்விட்டார்கள். போரிஸ்கா என்ற பொடியன், "சாகும்போது அப்பா என்னிடம் ரகசியத்தைச் சொல்லிவிட்டுப் போனார்" என்று வேலையை வாங்கிவிடுகிறான். மணி ஒலிக்காவிட்டால் தலை போகும். களிமண் தேடி மழையில் அலைகிறான், பெரியவர்களை அதட்டுகிறான், சேற்றில் உருள்கிறான். முக்கால் மணி நேரம் இதுதான். மணி ஒலித்ததா, அந்த ரகசியம் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லமாட்டேன். சேற்றில் விழுந்து கதறும் பையனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, வருடக்கணக்கான மௌனத்தை ரூப்ளெவ் உடைக்கும் இடத்தில்தான் படம் எதைப் பற்றியது என்பது தெரிகிறது. அதுவரை கறுப்பு வெள்ளையில் ஓடிய படம், கடைசியில் ரூப்ளெவின் நிஜ ஓவியங்களுக்கு மட்டும் வண்ணத்துக்கு மாறும். சோவியத் அரசு இந்தப் படத்தை உள்நாட்டில் வெளியிட 1971 வரை இழுத்தடித்தது. ஒரு எச்சரிக்கை: விலங்குகள் வதைபடும் காட்சிகள் உண்டு. அவற்றை நியாயப்படுத்த என்னால் முடியாது.

நம்பிக்கை இல்லாதவர்களுக்கான படம் எது என்று யாராவது கேட்டால் ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மனின் 'விண்டர் லைட்' (1963) என்று சொல்வேன். பெர்க்மன் பாதிரியாரின் மகன். இந்தச் சூடு வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வராது. கடவுள் நம்பிக்கை வற்றிப்போன ஒரு பாதிரியார், கிட்டத்தட்டக் காலியான தேவாலயத்தில் ஞாயிறு வழிபாடு நடத்துகிறார். அணுகுண்டு பயத்தில் தற்கொலை எண்ணத்தோடு வரும் மீனவனுக்கு ஆறுதல் சொல்லப்போய், தன் சொந்த வெறுமையையே அவன் தலையில் கொட்டிவிடுகிறார். இந்தப் படத்தில் மறக்க முடியாத ஆள் பாதிரியார் இல்லை. உடம்பு கோணிப்போன கோயில் பணியாளர் ஆல்கோட். விளக்கேற்றுவதும் மணியடிப்பதும்தான் அவர் வேலை. பைபிளைப் படித்துவிட்டு அவர் ஒரு சந்தேகம் கேட்பார்: கிறிஸ்துவின் உடல் வலியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், அது சில மணி நேரம்தானே, அதைவிட நானே அதிகம் பட்டிருக்கிறேன், சீடர்கள் கைவிட்டதும், கடைசியில் தந்தையும் பேசாமல் இருந்ததும்தானே பெரிய வலி? பாதிரியாரால் பதில் சொல்ல முடியாது. பிறகு எழுந்து, கிட்டத்தட்ட யாருமில்லாத தேவாலயத்தில் வழிபாட்டைத் தொடங்குவார். அது நம்பிக்கையா, வெறும் பழக்கமா? நான் மூன்று தடவை பார்த்துவிட்டேன், மூன்று தடவையும் வேறு வேறு பதில் வந்தது.

பௌத்தப் பக்கம் வருவோம். கிம் கி-டுக்கின் 'ஸ்பிரிங், சம்மர், ஃபால், வின்டர்... அண்ட் ஸ்பிரிங்' (2003) எல்லோரும் சொல்லும் படம். ஏரி நடுவே மிதக்கும் ஒரு சிறு மடம், ஒரு குரு, ஒரு சிறுவன். மீன், தவளை, பாம்பு மூன்றின் மீதும் சிறுவன் கல்லைக் கட்டிவிட்டுச் சிரிக்கிறான். மறுநாள் எழுந்தால் அவன் முதுகில் கல். போய் அவிழ்த்துவிட்டு வா, ஒன்று செத்திருந்தாலும் அந்தக் கல்லை ஆயுள் முழுக்க நெஞ்சில் சுமப்பாய் என்கிறார் குரு. படத்தின் மீதி இந்தக் கல்லின் கதைதான். மடத்துக்குள் அறைக்கதவு இருக்கும், சுவர் இருக்காது. இருந்தும் எல்லோரும் கதவு வழியாகவே போவார்கள். ஒரு நாள் ஒருவன் மட்டும் கதவைச் சுற்றிக்கொண்டு போவான். அதைக் கவனிக்கத் தவறாதீர்கள். காட்சிகள் கொஞ்சம் அளவுக்கு மீறி அழகு என்பது என் மனத்தாங்கல்.

அதைவிட எனக்கு நெருக்கமானது, அதிகம் பேசப்படாத கொரியப் படம் ஒன்று: பே யாங்-கியூனின் 'வொய் ஹாஸ் போதி-தர்மா லெஃப்ட் ஃபார் தி ஈஸ்ட்?' (1989). சுவிட்சர்லாந்தின் லொகார்னோ திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கச் சிறுத்தையை வாங்கியது. தலைப்பில் வரும் போதிதருமர் நம் காஞ்சிபுரத்துக்காரர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறதே, அவரேதான். ஆனால் படத்தில் அவர் வரவேமாட்டார். மலை மடத்தில் ஒரு கிழவர், ஒரு இளைஞர், ஒரு அநாதைச் சிறுவன், ஒரு மாடு. சிறுவன் கல்லெறிந்து ஒரு பறவையைக் கொல்கிறான், அதன் இணை அவனை விடாமல் சுற்றுகிறது. கதை என்று சொல்ல அவ்வளவுதான்.

சரி, நம் நாட்டுப் படங்கள். புராணப் படம் சலித்துவிட்டது என்கிறீர்கள், நியாயம்தான். ஆனாலும் 'திருவிளையாடல்' (1965) படத்தில் எது இன்றும் வாயில் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். சிவன் கொடுத்த வரங்களா? அவர் பாட்டிலேயே பிழை கண்டு, நெற்றிக்கண்ணுக்கும் மசியாத நக்கீரர்தான். சாமியோடு சண்டை போடும் இடத்தில்தான் நம் பக்திப் படங்களுக்கு உயிர் வருகிறது. மராத்தியில் 1936இல் வந்த 'சந்த் துக்காராம்' இதற்கு இன்னும் நல்ல உதாரணம். 1937 வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த மூன்று படங்களில் ஒன்றாகத் தேர்வானது. துக்காராம் உருகி உருகிப் பாடுகிறார். அடுப்பில் உலை வைக்க ஒன்றுமில்லாத மனைவி ஜீஜாயி, பிள்ளைக்கு நோய் வந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு விட்டலனைக் கேட்க நேராகக் கோயிலுக்குள் போய்விடுகிறாள். அற்புதங்கள் எல்லாம் இன்று பொம்மைபோலத் தெரியும், அந்தப் பெண்மணி மட்டும் பக்கத்து வீட்டுக்காரிபோல இருப்பாள்.

ஜி.வி. ஐயரின் 'ஆதி சங்கராச்சார்யா' (1983) முழுக்க சமஸ்கிருதம், அந்த மொழியின் முதல் படம். மெதுவாகத்தான் நகரும், ஆனால் மரணத்தையும் ஞானத்தையும் இரண்டு தோழர்களாகச் சங்கரரோடு வழி நெடுக நடக்கவிட்டிருக்கிறார், அந்த யோசனை ஒன்றுக்காகவே பார்க்கலாம். ஆனந்த் காந்தியின் 'ஷிப் ஆஃப் தீசியஸ்' (2012) மூன்று கதைகள். நடுக் கதையில், மருந்துக்காக விலங்குகளைச் சோதிப்பதை எதிர்த்து வழக்காடும் துறவிக்கு ஈரல் கெட்டுப்போகிறது. பிழைக்க வேண்டுமென்றால் அதே மருந்தைத்தான் விழுங்க வேண்டும். அவரோடு விடாமல் வாதாடும் இளம் வக்கீலுக்கு, கடவுளையும் மறுபிறவியையும் மறுத்த பழைய இந்தியத் தத்துவத்தின் பெயரான சார்வாகன் என்று பெயர் வைத்திருப்பதில் இயக்குநரின் குறும்பு தெரியும். பாலாவின் 'நான் கடவுள்' (2009) படத்தைத் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். அகோரி வரும் பகுதிகளைவிடப் பிச்சைக்காரர்களின் கூடம்தான் அதில் கனமானது. மனசு தெம்பாக இருக்கும்போது மட்டும் பாருங்கள்.

பயணம் பிடிக்கும் என்றால் 'லெ கிராண்ட் வொயாஜ்' (2004). பிரான்ஸில் வாழும் மொரோக்கோ நாட்டுப் பெரியவர், விருப்பமில்லாத மகனைக் கார் ஓட்டச் சொல்லி ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார். மகனுக்குத் தொழுகை தெரியாது, அப்பாவுக்கு வரைபடம் தெரியாது. விமானத்தில் போயிருக்கலாமே என்று மகன் கேட்பான். கடல் தண்ணீர் மேலே எழும்போதுதான் கசப்பு நீங்குகிறது, அதனால் பயணம் மெதுவாக இருப்பதே நல்லது என்பார் அப்பா. கூடவே 'ஆஃப் காட்ஸ் அண்ட் மென்' (2010): அல்ஜீரியாவில் 1996இல் கடத்திக் கொல்லப்பட்ட ஏழு கிறிஸ்தவத் துறவிகளின் நிஜக் கதை. போகலாமா, இருக்கலாமா என்று அவர்கள் வாக்கெடுப்பு நடத்துவதும், கடைசி இரவுச் சாப்பாட்டில் 'ஸ்வான் லேக்' இசையைப் போட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும் போதும்.

ஆவணப்படங்களில் நான் முதலில் வைப்பது ஷப்னம் விர்மானியின் கபீர் படங்கள். நான்கு இருக்கின்றன. 'ஹத்-அன்ஹத்' (2008) கபீரின் ராமனைத் தேடி எல்லை தாண்டிப் பாகிஸ்தானின் கவாலிப் பாடகர்கள் வரை போகிறது. 'கபீரா கடா பஜார் மே' இன்னும் சிக்கலானது. பிரஹ்லாத் டிப்பானியா மத்தியப் பிரதேசத்தின் மால்வாப் பகுதிப் பாடகர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். சடங்கு வேண்டாம் என்று பாடிய கபீரை ஊர் ஊராகப் பாடுகிறவர். அவரே கபீர் பெயரில் இயங்கும் கபீர் பந்த் என்ற சமயப் பிரிவின் மஹந்த், அதாவது குருவாகி, சடங்கு நடத்தும் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார்! நண்பர்கள் கேள்வி கேட்கிறார்கள், அவர் பதில் சொல்கிறார், பதில் அவருக்கே முழுசாகப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிகிறது. கேலியும் இல்லை, பூசி மெழுகலும் இல்லை. தமிழ்ச் சித்தர்களுக்கு இப்படி ஒரு படவரிசை இல்லையே என்று ஒவ்வொரு தடவையும் பொறாமையாக இருக்கும்.

'டூயிங் டைம், டூயிங் விபாசனா' (1997) திகார் சிறையில் நடந்த தியான வகுப்புகளைப் பற்றியது. 1994இல் ஒரே தடவையில் ஆயிரம் கைதிகளுக்கு நடந்ததும் இதில் வரும். ஐம்பது நிமிடம்தான். மாற்றுக் கருத்தை இந்தப் படம் தேடிப் போவதில்லை, அதைத் தெரிந்துகொண்டே பாருங்கள். 'அன்மிஸ்டேக்கன் சைல்டு' (2008) அப்படியில்லை. இறந்துபோன திபெத்திய லாமாவின் மறுபிறவியைத் தேடி அவருடைய சீடர் தென்சின் ஸோபா நேபாள மலைக் கிராமங்களில் அலைகிறார். ஒரு குழந்தை கிடைக்கிறது. மடத்துக்குக் கொடுத்துவிடுகிறீர்களா என்று பெற்றோரிடம் கேட்கும் இடத்தில், மறுபிறவியை நம்புகிறவர்களுக்கும் நம்பாதவர்களுக்கும் ஒரே மாதிரி தொண்டை அடைக்கும். தலையை மழிக்கும்போது குழந்தை அழுவதையும் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள்.

'சம்சாரா' என்று தேடினால் இரண்டு படம் வரும், குழப்பிக்கொள்ளாதீர்கள். 2011இல் வந்த ரான் ஃபிரிக்கின் படம் வசனமே இல்லாதது, 25 நாடுகளில் எடுத்தது. துறவிகள் மணலால் மண்டலம் என்ற வண்ணக் கோலம் வரைவது ஆரம்பத்தில் வரும், அதையே அழித்துக் கூட்டி அள்ளுவது முடிவில் வரும். பெரிய திரை இல்லாவிட்டால் பாதி போய்விடும். 2001இல் வந்த பான் நளினின் படம் கதைப்படம், லடாக்கில் நடப்பது. மூன்று வருடம், மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் தனித்திருந்து தியானம் செய்த துறவி, வெளியே வந்ததும் காதலில் விழுந்து குடும்பஸ்தன் ஆகிறான். பின்பு மறுபடி துறவுக்குக் கிளம்பும்போது, மனைவி பேமா வழிமறித்து, புத்தராவதற்கு முன் சித்தார்த்தன் விட்டுப்போன மனைவி யசோதரையைப் பற்றிப் பேசுவாள். சித்தார்த்தன் போன இரவு அவள் என்ன நினைத்தாள் என்று யாராவது கேட்டார்களா என்கிற கேள்விக்கு அவனிடம் பதில் கிடையாது. வயதுவந்தவர்களுக்கான காட்சிகள் உண்டு, குழந்தைகளோடு உட்கார்ந்துவிடாதீர்கள்.

குழந்தைகளோடு என்றால் 'தி கப்' (1999). எடுத்தவர் கியென்ட்ஸே நோர்பு, அவரே லாமா. 1998 உலகக்கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தைப் பார்க்க, மடத்துப் பொடியன்கள் டிவி வாடகைக்கு எடுக்கப் படும் பாடுதான் கதை. 'பாபெட்ஸ் ஃபீஸ்ட்' (1987) படமும் இந்த வரிசை: லாட்டரியில் விழுந்த பத்தாயிரம் ஃபிராங்கையும் ஒரே ஒரு விருந்துக்குச் செலவழிக்கும் சமையல்காரி, சாப்பாட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு வந்து உட்காரும் பக்தர்கள்.

தள்ளி வைக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். 'வாட் த பிளீப் டு வி நோ' (2004) குவாண்டம் இயற்பியல் ஆன்மீகத்தை நிரூபித்துவிட்டதுபோலப் பேசும். அதை எடுத்த மூன்று இயக்குநர்களுமே ராம்தா என்ற ஆவி தன் மூலம் பேசுவதாகச் சொல்லும் பெண்மணியின் பள்ளி மாணவர்கள். 'தி சீக்ரெட்' (2006) நினைத்தால் நடக்கும் என்று விற்கும் சரக்கு. கடை விரிக்கும் படம் என்று நீங்கள் சொன்னது இவற்றைத்தான். இதற்கு மருந்தாக 'குமாரே' (2011) பாருங்கள். விக்ரம் காந்தி அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். தாடி வளர்த்து, காவி கட்டி, பாட்டியின் உச்சரிப்பைக் கடன் வாங்கி, அரிசோனாவில் போலி குருவாகப் போய் உட்கார்ந்தார். நான் போலி, குரு உனக்குள் இருக்கிறார் என்றே உபதேசமும் செய்தார். சிஷ்யர்கள் சேர்ந்தார்கள், சிலருக்கு வாழ்க்கையும் நிஜமாகவே சீரானது. உண்மையைச் சொல்ல அவர் நடுங்கும் அந்தக் கடைசிப் பகுதியில், ஏமாற்றியவர் மேல் கோபம் வரவில்லையே என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

பார்க்கும் முறை பற்றி இரண்டு வார்த்தை. டப்பிங்கைத் தவிர்த்து மூல மொழியில் சப்டைட்டிலோடு பாருங்கள். குரலை மாற்றினால் இந்தப் படங்களில் பாதி செத்துவிடும். வாரத்துக்கு ஒன்று போதும். இந்த வாரம் ஈரானியப் பையன், அடுத்து 'தி கப்', அதற்கடுத்து 'விண்டர் லைட்', பிறகு ரூப்ளெவ் என்று வாருங்கள். 'இன்டு கிரேட் சைலன்ஸ்' படத்தை யாரும் வீட்டில் இல்லாத ஒரு மதியத்துக்கு எடுத்து வையுங்கள். தூக்கம் வந்தால் தூங்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அந்தப் படத்துக்கு அவசரம் கிடையாது.